படிவத்தில் இல்லாத கேள்வி

ஸ்கேனுக்கு வருகிறவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் அவர் நிரப்பிய படிவத்தை நான் நம்புவதில்லை. வியட்நாமின் சைகோனில், இந்த கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

இன்று முட்டிவலியோடு, சின்ன வயதிலிருந்தே சைகோனில் வாழும் ஒரு காரைக்கால் பெரியவர் எம்ஆர்ஐ எடுக்க வந்தார். 'உடலில் உலோகம் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார்.

"அமெரிக்காக்காரன் சண்டை நடந்தப்ப எங்க இருந்தீங்க பாய்?" என்று கேட்டேன்.

"இங்கதாம்மா, வாப்பாவோட துணிக்கடையில."

"குண்டுச் சிதறல் எதுவும் பட்டுச்சா?"

"தொடையில ஒண்ணு. எடுக்கல."

"அப்புறம் ஏன் இல்லைன்னு போட்டீங்க?"

"ஆஸ்பத்திரியில வச்சதைக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். இது அம்பது வருசமா என்கூடவே இருக்கேம்மா."

அப்படியே உள்ளே அனுப்பியிருந்தால் எம்ஆர்ஐ இயந்திரத்தின் பெரிய காந்தம் அந்தச் சிதறலை இழுத்திருக்கும். டாக்டர் எம்ஆர்ஐயை நிறுத்திவிட்டு முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தொடைக்குள் அரிசி அளவில் வெள்ளையாகத் தெரிந்தது.

பெரியவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இன்னும் பெருசா இருக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார்.

எங்கள் படிவத்தில் பல் கம்பி, பேஸ்மேக்கர், காது மெஷின் எல்லாம் இருக்கின்றன. போர் மட்டும் இல்லை. நாளை முதல் அதைப் பேனாவால் நானே எழுதிக் கொடுப்பேன்.

உங்கள் ஊர்ப் படிவத்தில் எதை விட்டிருக்கிறார்கள்?