அண்ணன் அவிழ்த்த கட்டு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய அன்பையும் பொறுமையையும் இந்த நினைவு மலரைப் பெறும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாணியம்பாடி மண்டியில் நடந்ததைப் பற்றி உறவுக்குள் இன்றும் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் அங்கே இருந்தவள். அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தவள். எனவே நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆம்பூரில். அப்பா தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து, நாங்கள் படிக்கும்போதே இறந்துவிட்டார். பள்ளியிறுதி முடித்த அண்ணன் ஆலங்காயத்தில் வனக்காவலராகச் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியின் கணக்குப்பிள்ளையை எனக்கு மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்தவரும் அவரே. "நாணயமான ஆளு. கண்ண மூடிக்கினு கட்டிக்கோ" என்றார்.

எழுபதுகளின் பிற்பகுதியில், சட்டம் தடுத்த பிறகும், மலையிலிருந்து உடும்புத் தோலும் பாம்புத் தோலும் ஆட்டுத்தோலோடு கலந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. அந்தக் கடத்தலைத் தடுக்க ஆட்களைப் பயிற்றுவிக்கும் உதவித்தொகை ஒன்றுக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் தேர்வானார். வடக்கே ஒரு கல்லூரிக்குப் போனார். "பாடம் பாதிதான் புரியுது, குளிர் முழுசா புரியுது" என்று எழுதினார். வகுப்புகள் முடிந்ததும் சொந்தப் பகுதியில் ஓர் அதிகாரியின் முன்னால் தோல் மண்டி ஒன்றில் சோதனை நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ், புது வேலை. இல்லையென்றால் பழையபடி காட்டுக் காவல்.

மண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்த வியாபாரி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால், அவர் திரும்பி வரும்வரை அதை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அது அமானத்து, நம்பி ஒப்படைத்த பொருள். அவிழ்த்தால் வைத்தவரைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம்.

அன்று மதியம் என் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரியும் அண்ணனும் இறங்கினார்கள். அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். ஆட்டுத்தோல் கட்டு ஒரே சீராக அமுங்கும். மூலையில், சாக்குக்கு அடியில் இருந்த ஒரு கட்டு நடுவில் விறைத்து நின்றது. அண்ணனின் கை அதன்மேல் நின்றுவிட்டது.

அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு, "இன்னாய்யா, முடிஞ்சுதா? நாத்தம் தாங்கல. எல்லாம் ஒழுங்குன்னு எழுதிடலாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அண்ணன் நிமிர்ந்தார்.

"சார், இந்த மண்டி கணக்குப்பிள்ளை என் தங்கச்சி வீட்டுக்காரர். அத மொதல்ல சொல்லிட்றேன்." பிறகு என் கணவரிடம் திரும்பி, "மாப்ளே, இது யாருது?" என்றார்.

"தெரிஞ்சவருது மச்சான். அமானத்து. உள்ள இன்னா இருக்குதுன்னு நான் பாக்கல. அவுக்கவும் மாட்டேன்."

"நீ பேரச் சொல்லலன்னா உன்னுதுன்னு எழுதிடுவாங்க."

"எழுதட்டும். நம்பி வச்சவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? கைய எடுங்க மச்சான்."

மூட்டை தூக்கும் ஆள் ஒருவர், "பொண்ணு குடுத்த வூடே போலீசு! நல்ல சம்பந்தம்பா!" என்றார்.

"அண்ணே, வேணாம்ணே" என்றேன் நான்.

"நீ வெளிய போம்மா."

நான் போகவில்லை. அண்ணன் கீழே உட்கார்ந்து, கயிற்றை அறுக்காமல், முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார். மேலே ஆட்டுத்தோல். உள்ளே முழுவதும் உடும்புத் தோல்.

என் கணவரை ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரணையைத் தான் செய்யக் கூடாது என்று அண்ணனே எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார். கட்டை வைத்தவன் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் கணவர் அவன் பெயரைச் சொன்னார். அவன் பிடிபட்டான். என் கணவர் சாட்சியாகி வெளியே வந்தார். ஆனால் அதன் பிறகு எந்த மண்டியும் அவரைச் சேர்க்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்தோம். தங்கை கணவர் வேலை பார்த்த மண்டி என்பதால் எழுந்த சந்தேகத்தில் அண்ணனின் சான்றிதழும் நெடுநாள் முடங்கிக் கிடந்து, பிறகே வந்தது.

எண்பதுகளில் அதே உதவித்தொகை பெற்றவர்கள் செய்முறைப் பயிற்சிக்கு அண்ணனிடம்தான் வந்தார்கள். அவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் தோலைப் பற்றியது அல்ல. "உள்ள உன் சொந்தக்காரன் எவன் இருக்கான்னு வாசல்லயே சொல்லிடு. அப்புறம் கட்டுல கைய வை" என்பார்.

என் கணவர் பல ஆண்டுகள் அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் நுரையீரல் நோயோடு வேலூரில் படுத்தபோது, கடையைச் சாத்திவிட்டு வார்டில் உடன் தங்கியவர் அவர்தான். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், அரிசி விலையைப் பற்றிப் பேசினார்கள். மண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து பெட்டியைச் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் கணவருக்கும் நன்றி எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா உங்கண்ணன் சோதனைக்கு மொத நாளு ராத்திரி நம்ம வூட்லதான் சாப்ட்டாரு. நாளைக்கி வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லல. அதையும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.