வெயில் கேட்டு ஒரு மனு

இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசி மாதம் அது. கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த வருடம் அதில் மிளகு நாற்றுப் பை போட்டிருந்தேன். குடும்பமே அதை நம்பித்தான் இருந்தது.

தண்ணீர் ஏற்ற மானியத்தில் கிடைத்த சோலார் மோட்டார். காலை பத்து மணி வரை மூடுபனி, மோட்டார் ஓடாது. பகல் ஒரு மணிக்கு மேல் பக்கத்துத் தோட்டக்காரர் மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழல் பேனல் மேல் விழும், அப்போதும் ஓடாது. பேனலை இடம் மாற்றினால் கேரண்டி போய்விடும் என்று மாட்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். இடையில் கிடைத்த வெயிலில் கால்வாசி நாற்றுகூட நனையவில்லை.

அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அவருடைய ஆடு எங்கள் மரவள்ளித் தழையைத் தின்று செத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்ற வீம்பு. அந்தக் கிளைகளை வெட்டச் சொல்லி மனு எழுதி, பஸ் ஏறிப் போய் தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது. இன்று சர்வேயர் இல்லை, நாளை அதிகாரி கேம்ப். ஒரு வழியாக வந்து அளந்தார்கள். ஒரு கிளைகூட என் எல்லைக்கு மேல் நீட்டவில்லை.

"மரம் அவங்க பட்டாவுல நிக்குது. நிழல்தான் உங்க பட்டாவுல விழுது. வெயிலுக்கு யாரும்மா பட்டா குடுத்திருக்காங்க? மேல எழுதித்தான் கேக்கணும்" என்று அதிகாரி தலையைச் சொறிந்தார். பதில் வரும்வரை யாரும் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. மனுவை மதித்துக் கடிதம் போட்டார்களே என்று எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

கோடை மழை ஏமாற்றிவிட்டு வைகாசி பிறந்தது. மிளகுக் கொடி ஏறிய மரங்களில் அந்த மாதம் கிளை கழிப்பது எங்கள் மலை வழக்கம். அப்போதுதான் கொடிக்கு வெளிச்சம் கிடைத்துக் காய் பிடிக்கும். எல்லாத் தோட்டத்திலும் அரிவாள் சத்தம் கேட்டது, பக்கத்துத் தோட்டத்தைத் தவிர. தானாகப் போயிருக்கும் நிழலை என் மனுவே பிடித்து வைத்திருந்தது.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டக்காரரே வேலியோரம் வந்தார். "ஏனுங்க அம்மிணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாசியிலயே கழிச்சு உட்டிருப்பனுங்க. இப்பக் கை வெச்சா கேசாயிரும்ங்கறாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான். எனக்கு வெட்கமாக இருந்தது. "மனுவைத் திருப்பி வாங்கிக்கறனுங்க" என்றேன். அதற்கும் எத்தனை நடை நடக்க வேண்டும் என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் தன் ஊற்றிலிருந்து என் நாற்றுக்குக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார். கடிதம் இருக்கிறதே என்று தயங்கினேன். "மரத்துலதானுங்களே கை வெக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு? தண்ணியப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

பாதி நாற்று பிழைத்தது. அவர் கொடிகளில் அந்த வருடம் மிளகு சரியாகப் பிடிக்கவில்லை. மனுவை வாபஸ் வாங்கி முடிக்க ஆவணி ஆகிவிட்டது. வெயில் யாருக்குச் சொந்தம் என்று மேலே கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்போதெல்லாம் மாசி பிறந்ததும், நான் கேட்காமலே, என் பேனல் பக்கத்துக் கிளைகளை அவர் கழித்துவிடுகிறார். அந்த அரிவாள் சத்தம் கேட்கும்போதெல்லாம், பத்தடி தூரத்தில் இருந்த வேலிக்குப் போகாமல் நான் ஏறிப் போன அந்த பஸ்தான் ஞாபகம் வருகிறது.