காளி கோயிலுக்கு வந்த யப்பான் வாள்

இதை எழுதலாமா, விடலாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். காளி அம்மாளை நம்பாதவன் என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயம்தான். இப்போது அந்தப் பயம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. வன்னியில் முள்ளியவளைப் பக்கத்தில் எங்கள் சிறிய காளி கோயிலின் சாமான்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்த பெரியவர் ஒருவர், போர்வையில் சுற்றிய வாளொன்றைக் கொண்டு வந்தார். யுத்தம் முடிந்தபோது யப்பான் அதிகாரி ஒருவன் அவர் வேலை பார்த்த கந்தோரில் விட்டுப் போனதாம்.

"வீட்டில வைச்சா நித்திரை வருகுதில்லை, தம்பி. அம்மாளிட்டை இருக்கட்டும்."

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளிருந்த இரும்பு துருவேறிக் கறுத்திருந்தது. அதில் உளியால் வெட்டிய எழுத்துகள். கூரான பக்கத்தில் அலை அடித்ததுபோல் ஒரு வெண்கோடு.

"இது யுத்தத்துக்கெண்டு அவசரத்தில அடிச்சதில்லை, பழசு. இந்தத் துருவைப் பார்த்துத்தான் வயது சொல்லுவினம். புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிப் போடாதையும். விரல் படாமல் துடைச்சுக் கராம்பு எண்ணெய் பூசும்."

பிறகு ஒரு வைக்கோல் கற்றையில் வாளைச் சாய்த்தார். அழுத்தவேயில்லை. கற்றை இரண்டாகிக் கிடந்தது.

கோயிலின் வைகாசிப் பொங்கலில் அம்மாள் இறங்கி, கலை வந்து ஆடுவது என் மனைவியின் தம்பி. வாளை நாக்கில் வைப்பான், நெஞ்சில் அடிப்பான். எங்கள் பழைய வாள்கள் கூரில்லாத மொட்டை. அதனால் ஒருநாளும் பயந்ததில்லை. இம்முறை முன்கூட்டியே போய்ச் சொன்னேன்.

"மச்சான், அந்தப் புது வாளை மட்டும் தொடாதை. ஆளைக் கொன்றுபோடும்."

அவன் சிரித்தான். "பயமெண்டால் நீங்கள் குசினிக்குள்ள அடுப்படியில அக்காவோட இருங்கோ, அத்தான். ஆடுறது நானோ, அம்மாளோ?"

அம்மாளின் காலடியில் வைத்ததை ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற வாள்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

மத்தியானப் பூசை. உடுக்கு அடித்ததும் அவனுக்குக் கலை வந்தது. முன்னால் இருந்த வாள்களை விலக்கி, அதையே உருவினான். "ஐயோ, என்ரை தம்பி!" என்று மனைவி என் கையை இறுக்கினாள். நாக்கை நீட்டினான். கலை வந்தவரை மறிப்பது அபசாரம் என்று தெரியும். ஓடிப்போய் முன்னால் விழுந்தேன்.

"தாயே, அதை என்னட்டைத் தா!" இரண்டு கையையும் ஏந்தினேன்.

அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. மச்சான் பார்த்தானா, அம்மாள் பார்த்தாளா, இன்றும் எனக்குத் தெரியாது. வாள் மெதுவாகத் தாழ்ந்து, என் உள்ளங்கைகளில் தட்டையாக வந்து கிடந்தது. மயிரிழை போல ஒரு வெட்டு அவன் கீழுதட்டில் விழுந்து, இரத்தம் நாடியில் வழிந்தது. வாள் அங்கே பட்டதை யாரும் காணவில்லை. அவன் பழைய வாளை எடுத்து ஆடத் தொடங்கினான். நான் அப்படியே கிடந்து அழுதேன்.

வாள் மழுங்கிப் போனது என்றும், பூவாய் மாறியது என்றும் இப்போது சொல்கிறார்கள். அப்படியில்லை. அது வெட்டியது. அம்மாள் அதைக் கேட்டவனிடம் கொடுத்தாள். எனக்கு அது போதும். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் தயவுசெய்து அந்த இரத்தத்தை விட்டுவிடாமலும், வேறொன்றும் கூட்டாமலும் சொல்லுங்கள்.