அபார்ட்மென்ட்டுக்குள் நுழைந்த அறுவடை வண்டி

ஊரப்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற தெருவில், இரண்டு அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே ஒரு ஏக்கர் வயல் இருக்கிறது. அது தபீதாளின் வயல். புதிதாகக் குடிவருகிறவர்கள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "இந்த ப்ளாட் விலைக்கு வருமா?" என்று வாட்ச்மேனிடம் கேட்பார்கள். வராது.

தபீதாள் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனதும், கூட வேலை செய்த பெண்கள் வேறு கம்பெனி தேடினார்கள். இவள் மாமனார் விட்டுப்போன தரிசில் இறங்கினாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டும் கணவன் சவுரிமுத்து சிரித்தான். "ஃபேன் காத்துல உக்காந்து தச்சவ, சேத்துல நிப்பியா?"

நின்றாள். முதல் போகத்தில் பயிர் இடுப்பு உயரம் வந்தது. கரும்பச்சை! தெருவே நின்று பார்த்தது. பிறகு ஒரு காற்றுக்கு மொத்தமும் படுத்துக்கொண்டது. கதிரை உருவிப் பார்த்தால் பாதி பதர். இரண்டு பக்கத்து அபார்ட்மென்ட்டுக் கழிவுநீரும் மண்ணுக்கடியில் கசிந்து வயலுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த உரமே தேவைக்கு மேல் இருந்தது, அதற்கு மேல் இவள் மூட்டை மூட்டையாக யூரியா வேறு போட்டிருந்தாள். சேறு தார் மாதிரி கறுத்து நாறியது. இறங்கினால் கால் அரித்தது.

அடுத்த போகம் நெல்லே வைக்கவில்லை. வரப்பை ஒட்டிச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, அதில் கழிவை உறிஞ்சுகிற கல்வாழை நட்டு, வருகிற தண்ணீரை அங்கேயே நிறுத்தினாள். வயலைக் காயப்போட்டுத் தீவனச் சோளம் விதைத்து, மண்ணிலிருந்த மிச்ச உரத்தை அது உறிஞ்ச உறிஞ்ச அறுத்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் மறுபடி நெல். இட்லிக்குப் போடுகிற குண்டு நெல். யூரியா ஒரு பிடிகூட இல்லை. இந்த முறை பயிர் முழங்கால் தாண்டி அளவாக நின்றது, கதிர் மட்டும் கனத்துத் தொங்கியது. சவுரிமுத்து ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வரப்புக்கு வர ஆரம்பித்தான்.

ஆவணிக் கடைசி. சனிக்கிழமை காலை ஆத்தூர்க்காரர் ஒருவரின் அறுவடை வண்டி லாரியில் ஏறி வந்துவிட்டது. வண்டி வந்த பிறகுதான் உறைத்தது, வயலுக்குப் போகிற ஒரே பாதையில் ஒரு மனைக்காரர் அந்த வாரம் மதில் எழுப்பி, ஆள் நடக்கிற அளவுக்குத்தான் இடம் விட்டிருந்தார். அவர் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை.

"இதுல எப்புடிங்க்கா வண்டி போகும்?" என்றார் டிரைவர். "மதியத்துக்கு மேல மழைங்கறான். நான் அடுத்த ஊர் பார்க்கோணும்."

கையால் அறுக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. கதிர் முற்றி, தொட்டால் உதிர்கிற பதம். தபீதாள் கிழக்கே இருந்த அபார்ட்மென்ட்டைப் பார்த்தாள். விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள்.

"சார், உங்க வூட்டாண்ட வழியா ஒரு வண்டி வுடணும்."

அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீவத்சன் காபி டம்ளரோடு வெளியே வந்து, லாரிமேல் நின்ற வண்டியைப் பார்த்துத் திகைத்தார். "அம்மா, இது வண்டியா? டிரைவ்வேக்குக் கீழ சம்ப் இருக்கு. உடைஞ்சு உள்ள விழுந்தா அம்பது குடும்பத்துக்குத் தண்ணி இல்ல."

"சம்ப் மேல வாணாம் சார். ஓரமா, அந்த ஊஞ்சலாண்ட மண்ணுதான கீது? அப்படியே போய்டும்."

"போய்? பின்னாடி காம்பவுண்ட் சுவர் இருக்கே!"

கீழ்த்தளத்து ரோஹிணி துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், அந்தச் சுவர்தான் சாஞ்சு நிக்குதே. இடிச்சுக் கட்டணும்னு போன மீட்டிங்ல நீங்கதானே சொன்னீங்க?"

ஸ்ரீவத்சன் வாட்ஸப் குரூப்பில் கேட்டார். 'ஓகே', 'நோ', 'ஹூ வில் பே', கைகூப்பும் பொம்மைகள்! போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மேற்கே வானம் கறுத்தது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இவங்க முடிவு பண்றதுக்குள்ள மழை கொட்டிடும். இடிங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

சவுரிமுத்து கடப்பாரையோடு ஓடி வந்தான். நாலு குத்தில் சுவர் தானாகவே வயல் பக்கம் சரிந்தது. கார்களை நகர்த்தச் சொல்லி ரோஹிணி ஒவ்வொரு வீட்டு பெல்லாக அடித்தாள். வண்டி லாரியிலிருந்து இறங்கி, ஊஞ்சலுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே, இருபுறமும் ஒரு சாண் இடம்தான் மிச்சம் என்று உறுமிக்கொண்டு நகர்ந்தது. பால்கனி எல்லாம் தலைகள்.

சுவருக்கு அந்தப்புறம் தபீதாள் வெட்டிய வாய்க்கால் குறுக்கே கிடந்தது. ஒரு நிமிஷம் கல்வாழையைப் பார்த்தாள். பிறகு, "செங்கல்ல அள்ளி இதுல கொட்டுங்க!" என்று கத்தினாள்.

முதல் கல்லைப் போட்ட ரோஹிணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இது என்ன தண்ணி?"

"உங்க வூட்டுத் தண்ணிதாம்மா. அப்புறம் பேசலாம், கல்லப் போடு!"

வண்டி வயலில் இறங்கியது. இறங்கியதும் பாய்ச்சல்தான். கதிர் உள்ளே போக, வைக்கோல் பின்னால் பறக்க, கொக்குகள் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பின. சுற்றுக்குச் சுற்று சவுரிமுத்து வரப்பிலேயே ஓடினான். தார்ப்பாயில் நெல் முதல் தடவை கொட்டியபோது மாடியில் யாரோ விசில் அடித்தார்கள். தபீதாள் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். பதரே இல்லை!

கடைசிச் சுற்றில் தூறல் விழுந்தது.

"சார், நெல்லு நனைஞ்சா முளை வுட்டுடும்!"

"பார்க்கிங்க்கு! பார்க்கிங்க்கு கொண்டு வாங்க!" ஸ்ரீவத்சன் முதல் ஆளாக ஒரு பக்கெட்டைத் தூக்கினார். துணிக் கூடை, குளிக்கும் தொட்டி, சக்கரம் வைத்த சூட்கேஸ் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் நெல் ஏறியது. மழை கொட்டத் தொடங்கியபோது கார்கள் வெளியே நனைந்தன. கட்டடத்துக்கு அடியில் கார் நிற்கும் இடமெல்லாம் நெல் பரவிக் கிடந்தது. நாலைந்து வீட்டு டேபிள் ஃபேன்கள் அதன்மேல் சுற்றின. ஞாயிறு முழுக்க, வெறுங்காலால் நெல்லைத் தள்ளிவிட்டுக் காயவைக்க ஆட்கள் போட்டி போட்டார்கள்.

திங்களன்று நெல் வியாபாரி வந்தார். வாட்ச்மேன் கேட்டில் மறித்து, "எந்த ஃப்ளாட்டு?" என்றான். வியாபாரி கையிலிருந்த காலிச் சாக்கைத் தூக்கிக் காட்டினார். தபீதாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "நெல்லுக்குத்தாம்ப்பா, வுடு!" நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த வியாபாரி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். இரண்டு மூட்டையை மட்டும் அவள் கொடுக்கவில்லை. அவித்துக் காயவைத்து மில்லில் அரைத்து, பக்கெட் தூக்கிய வீடுகளுக்கெல்லாம் இட்லி அரிசி அனுப்பினாள்.

சுவரைத் திரும்பக் கட்டவில்லை. அகலமாக ஒரு இரும்புக் கேட் போட்டார்கள். கழிவுநீருக்குத் தனித் தொட்டி கட்டுவது பற்றி மூன்றாவது கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, சண்டையும் நடக்கிறது. ரோஹிணி விடுவதாக இல்லை. தபீதாள் வாய்க்காலிலிருந்து செங்கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல்வாழைக் கிழங்கு பதித்திருக்கிறாள். ஐப்பசி மழைக்கு முன்னால் நாற்று விட வேண்டும் என்று சவுரிமுத்து பஸ் டிரைவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.