சுத்தமாத்தானே இருக்கு

என் அக்காவை அவள் வேலை பார்க்கும் ஹோட்டலில் 'விரல் மேடம்' என்பார்கள். அவள் காதுபடச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். அறையைச் சுத்தம் செய்பவர்கள் வேலையை முடித்து வெளியே வந்ததும் அக்கா உள்ளே போவாள். கதவு நிலையின் மேல்விளிம்பு, சுவர்ப் படத்தின் சட்டம், கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம் என்று வேறு யாருக்கும் தோன்றாத இடமாகப் பார்த்து ஆள்காட்டி விரலை இழுப்பாள். பிறகு அந்த விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் என்று அங்கே வேலை செய்த பெண் ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள். விரலில் தூசி இருந்தால்தான் அந்தச் சந்தோஷம்.

வேலையோடு நின்றால் பரவாயில்லை. சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம். நான் பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கி வந்த அன்று, "யாரைப் பாத்து எழுதின?" என்று கேட்டவள் அவள். கடைக்காரர் கொசுறாக ஒரு எலுமிச்சம்பழம் போட்டால், மற்றதெல்லாம் அழுகலா என்று அங்கேயே பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். என் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி அவள் விசாரித்த விசாரிப்பில் மனுஷன் ஓடாமல் நின்றதே பெரிது.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். மரச்சாமான் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அழுக்கைத் திட்டுவதில் அக்காவுக்குச் சரியான ஜோடி. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து நகரத்தைத் திட்டினால் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். அவர்கள் இருந்தது நகரத்தின் நட்டநடுவில், நாலாவது மாடியில். மாடிப்படித் திருப்பத்தில் மூத்திர வாடை. லிஃப்ட் பொத்தானில் பிசுக்கு. வாசலிலேயே பஸ் நிறுத்தம், அதைச் சுற்றிக் காகிதக் கோப்பைகளும் சிகரெட் துண்டுகளும். அத்தனை பஸ் வாசலில் நின்றும் அக்கா ஒன்றிலும் ஏறமாட்டாள். "அந்தக் கம்பிய எத்தன பேரு புடிச்சிருப்பான், அதுக்கு முன்னாடி எங்க கை வெச்சிருப்பான்?" என்பாள். ஹோட்டலுக்கு நடந்தே போய்விடுவாள். மற்ற இடங்களுக்கு மாமாவின் கார்.

நான் இருப்பது புறநகரில். எங்கள் தெருவில் ஒரு காகிதத்தைப் பார்க்க முடியாது. மரம், புல், ஒரே மாதிரி வீடுகள், மூடிய கதவுகள். காரை எடுக்காமல் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். அவள் சுத்தத்துக்காக வரட்டும், எனக்குப் பேச ஓர் ஆள் கிடைக்கும் என்பது என் கணக்கு. வீட்டைப் பார்க்க இரண்டு பேரும் வாடகைக் காரில் வந்தார்கள். சொந்தக் காரில் பிரேக் சரியில்லை என்றார் மாமா.

அக்கா அந்த வீட்டின் ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தாள். பார்த்தாள். ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஒரு குறையும் சொல்லாமல் விரலைத் தாழ்த்தினாள்.

"வந்துடலாம்" என்றாள்.

"எதுக்கு?" என்றார் மாமா. "நம்ம தெருவுக்கு என்ன கொறைச்சல்? சுத்தமாத்தானே இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். மாமா கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க தெருவுல ஒரு குப்பை காட்டுங்க பாப்போம் மாமா" என்றேன்.

"ஆளே இல்லியே, குப்பைய யாரு போடுவா? வந்ததுலேர்ந்து ஒரு மனுஷன் குரல் கேக்கல. இங்க பஸ் எங்க நிக்கும்?"

"பஸ்ஸா? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுவும் மெயின் ரோட்டுல. கார் இருக்கே, பஸ் எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்" என்று, நான் கொண்டுவந்து வைத்த டீயை எடுத்தார். கோப்பையை எடுக்கும்போது கொஞ்சம் சட்டையில் சிந்திக்கொண்டார். துடைக்கவும் இல்லை. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாளே போன் வந்தது. "இருபது வருஷமா அந்தத் தெருவத் திட்டினவரு, இப்ப சுத்தமா இருக்குங்கறாரு. அந்த ஏரியாவ விட்டு நகர மனசு வரலன்னா அங்க என்னமோ இருக்குடி."

"என்ன இருக்கும்?"

"என்னமோ இல்ல, யாரோ."

அதற்குப் பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பார்த்ததை எல்லாம் எனக்குச் சொன்னாள். மாமா அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லையாம். காதோரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுகிறாராம். மடியில் கனம் இருப்பவன்தான் அப்படிப் பேசுவான் என்றாள். தெருவில் போகிற வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாராம், வணக்கம் வேறு சொல்கிறாராம். "ஊர்ல யாரு கிட்டயும் ஒட்டாத மனுஷன், இப்ப எல்லாருக்கும் இளிக்கறாரு." குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் வைத்துக் கேட்கிறாராம். இவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் விடாமல் பேசுகிறது.

"நேராக் கேட்டுடேன் அக்கா" என்றேன்.

"கேட்டா பூசி மெழுகிடுவாரு. கையும் களவுமாத்தான் புடிக்கணும்."

பிறகு கார் விஷயம் வந்தது. மாமா தினமும் சாவியை எடுத்துக்கொண்டு, "பிரேக் சரி பண்ணியாச்சு, கார்லதான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். கார் நிற்பது கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில். ஒரு நாள் மழை பிடித்துக்கொள்ள, மாமா வேலைக்குப் போன பிறகு அக்கா குறுக்கு வழியாக அந்தச் சந்தில் போயிருக்கிறாள். கார் நின்றது. முன்கண்ணாடியில் விரலை இழுத்தாள். மழையில் நனைந்தும் விரல் கறுப்பாக வந்தது. வைப்பருக்கு அடியில் காய்ந்த இலை மக்கிக் கிடந்தது. அந்தக் கார் நகர்ந்து பல வாரம் ஆகிறது என்று அவள் விரலே சொல்லிவிட்டது. விரல் பொய் சொல்லாது என்பது அவள் நம்பிக்கை. சொல்லவும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் முடிவு சொல்ல எனக்கு வாரக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தார். அக்கா முடிவு செய்துவிட்டாள். பிடிபட்டால் மாமாவை அங்கேயே விட்டுவிட்டு, தான் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

அவளுக்கு விடுமுறை நாள். மாமா கிளம்பியதும் பின்னாலேயே இறங்கினாள். அடையாளம் தெரியக்கூடாது என்று தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். மாமா சந்துப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வாசல் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். நிற்கிறவர்களிடம் ஏதோ கேட்டார், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினார். அக்கா பின்வாசலில் ஏறினாள்.

அந்தக் கம்பியை அவள் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தாளாம். வளைவில் பஸ் ஒரு ஆட்டு ஆட்டியதில் கைக்குட்டை எங்கே போனது என்றே தெரியவில்லை, வெறும் கையால் பிடித்தாள். கூட்டம் தள்ளியது. புழுக்கம் தாங்காமல் தலைத்துணியை அவிழ்த்தாள். அதே நேரம் யாரோ எழுந்திருக்க, பின்னால் இருந்தவர் இடிக்க, அவள் போய் உட்கார்ந்தது மாமாவுக்கு நேர் எதிர் இருக்கையில். முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டன.

மாமா நிமிர்ந்தார். அக்கா தயாராக இருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வியை மனப்பாடமாக வைத்திருந்தாள். யார் அவ, எந்த வீடு, எத்தனை நாளா, நான் செத்துட்டேன்னு நினைச்சியா.

மாமா சிரித்தார். தெருவில் எல்லோருக்கும் சிரிக்கும் அதே சிரிப்பு.

"அம்மா, மணிக்கூண்டு ஸ்டாப் வந்தா கொஞ்சம் சொல்றீங்களா? இந்த பஸ்ல இன்னிக்கு ஸ்டாப் பேரு சொல்ற மெஷின் வேல செய்யல."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்ததாம். மாட்டிக்கொண்டதும் நடிக்கிறார் என்று. அவர் முகத்துக்கு முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தாள். அவர் அவள் காதோரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார். அவள் தலையை ஆட்டினாள். அது அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா? மணிக்கூண்டு..." என்றார் மறுபடியும், இன்னும் மரியாதையாக.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். திறக்காவிட்டால் மனுஷன் நிறுத்தத்தைத் தவறவிடுவார். ஜன்னலுக்கு வெளியே மணிக்கூண்டு வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றது. கதவு திறந்தது.

"வந்துடுச்சு. எறங்குங்க" என்றாள் அக்கா.

மாமா கையில் இருந்த பை கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்து இறக்கியது அக்காதான். பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் அந்தப் புகையில் நின்றார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றாள். அந்த நாலு கேள்வியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

"கொஞ்ச நாளாச்சு. நடுவுல மட்டும் அழிஞ்ச மாதிரி இருக்கு. ஓரமாப் பாத்தா தெரியும். உன் தோடு தெரியும், மூஞ்சி தெரியாது. இனிமே சரியாகாதாம்."

"வேன்?"

"டாக்டர் சொன்ன அன்னிக்கே சாவிய முதலாளி கிட்டக் குடுத்துட்டேன். இப்ப கோடவுன்ல நாற்காலிக்கு ஸ்க்ரூ முடுக்கறேன். கை பாத்துக்கும்."

"அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பள?"

"போன்ல. குளியலறையில."

மாமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. போனை எடுத்துத் தடவினார். அந்தப் பெண் குரல் வந்தது. எந்த நம்பர் பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று விடாமல் படித்தது. அக்கா சிரித்தாளாம், அழுதாளாம், எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு என்னப் பாத்துக்க உக்காந்துடுவ. இல்ல, தங்கச்சி வீட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயிடுவ. அங்க போனா ஒரு பேனா வாங்கணும்னாலும் யாராவது கார எடுக்கணும். இங்க வாசல்ல வந்து நிக்குது, ஏறினா போயிடலாம். யாரையும் கெஞ்ச வேணாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அழுக்கா இருந்தா என்ன, எனக்குத் தெரியவா போவுது" என்றார்.

அன்று மத்தியானம் அக்கா எனக்குப் போன் செய்து, "வரல" என்றாள். காரணம் கேட்டு நான் சண்டை போட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் எனக்குக் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது, பொய் சொல்வானேன். பக்கத்து வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். கதவு எப்போதும் மூடியிருக்கிறது. அவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அக்காவின் தங்கைதானே.

போன மாதம் மாமாவின் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கார் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று அக்காவே சொன்னாள். கம்பியை வெறும் கையால் பிடித்துக்கொண்டு, மாமாவுக்கு ஓர் இருக்கையைப் பிடித்தாள். அதில் யாரோ எதையோ கொட்டிக் காய்ந்திருந்தது. நானே பார்த்தேன். அக்கா சத்தம் காட்டாமல் தன் கைக்குட்டையை அதன்மேல் விரித்தாள்.

"உக்காருங்க."

"சீட்டு சுத்தமா இருக்கா?" என்றார் மாமா.

"இருக்கு."

மாமா உட்காரவில்லை. தலையைச் சாய்த்து, அவள் தோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீ ஒரு எடத்தயாவது சுத்தமா இருக்குன்னு சொல்லியிருக்கியா? என்னமோ மறைக்கற."

அக்கா வெடுக்கென்று கைக்குட்டையை உருவினாள். மாமாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அந்தக் கறையின்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்தாள்.

"ஆமா" என்றார் மாமா, முகமெல்லாம் சிரிப்பாக. "பிசுபிசுன்னு இருக்கு."

"நான் அப்பவே சொல்லல? கேவலமான ஊரு" என்றாள் அக்கா. கைக்குட்டையை மறுபடி விரித்து அவரை உட்கார வைத்தாள்.