சுற்றுக்குச் சுற்று சேர்த்த பொடி

அந்தப் பொடி ஐந்து சுற்று உழைத்தது என்று நீங்கள் எழுதியது பொய், ஸார். ஒவ்வொரு சுற்றிலும் புதுப் பொடி சேர்க்கச் சொன்னது நீங்கள்தான்.

படிப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சால்ட் லேக்கிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நான் ஆராய்ச்சி செய்யும் கூடத்துக்கு இவர்தான் தலைவர். என் முனைவர் பட்ட வழிகாட்டியும் இவரே. எங்கள் பொருள் துத்தநாக ஆக்ஸைடு. வேர்க்குரு பவுடரில்கூட இருக்கும் சாதாரண வெள்ளைப் பொடி. நீலச் சாயத் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் சாயத்தைச் சிதைக்கும். ஆனால் அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது கொஞ்சம்தான். தவிர, வேலை செய்யும்போதே பொடியும் மெல்லத் தண்ணீரில் கரையும். முதல் குறைக்குத் துளி செம்பு கலந்தோம். இரண்டாவதற்கு மெல்லிய கார்பன் தகடுகளோடு சேர்த்தோம். சேர்த்தால் கரையாது, ஒரே பொடி ஐந்து சுற்று உழைக்கும் என்று நான் வருவதற்கு முன்பே ஸார் கட்டுரை போட்டு, மேடை மேடையாகப் பேசிவிட்டார்.

அதை மறுபடி செய்து காட்டிவிட்டுத்தான் என் ஆய்வை மேலே கொண்டுபோக முடியும். எனக்கு அந்த முடிவு வரவில்லை. கழுவு, சுழற்று, வடி, உலர்த்து, மறுபடி சாயத்தில் போடு. ஏ.சி. ஓடாத விளக்கு அறையில், மழைக்காலப் புழுக்கத்தில், வேர்வை கண்ணில் இறங்க இறங்க இதையே செய்தேன். மூன்றாவது சுற்றிலேயே நீலம் போகாமல் நின்றது. எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான்.

"உன் கை சரியில்லை," என்றார் ஸார். "இது இட்லி மாவு இல்லை, இப்படி அலசுவதற்கு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வடித்த தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். அதில் துத்தநாகம் இருந்தது. பொடி கரைகிறது. காட்டினேன். "கண்ணாடிக் குடுவையை ஒழுங்காகக் கழுவு," என்றார்.

வீட்டில் அப்பா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேட்டார்: "இன்னும் அந்தப் பொடியத்தான் அலசிக்கிட்டு கெடக்கியா?"

துர்கா பூஜை விடுமுறையில் நியூ டவுனில் ஒரு திதியை, வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், பார்க்கப் போனேன். எனக்கு முன்பு இதே கூடத்தில் இருந்தவர். அந்தக் கட்டுரையின் சோதனைகளைச் செய்தவர். இப்போது ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். அவர்கள் குடியிருப்பின் பூஜைப் பந்தலில் கிச்சுடி என்ற பருப்புச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே என் புலம்பலைக் கேட்டார்.

"ஏ மா! நீ பொடி சேர்க்கவே இல்லையா?"

"எந்தப் பொடி?"

"கழுவும்போது குறையுமே, அதை யார் ஈடுகட்டுவது, உன் மாமாவா? எடை ஒரே மாதிரி இருக்கணும்னு ஸார்தான் சொன்னார். புதுசு கொஞ்சம் போட்டு நிரப்பிடுவோம். எல்லோரும் செய்றதுதானே. கத்தரிக்காய் எடுத்துக்கோ, ஆறுது."

அவருக்கு அது தப்பாகவே படவில்லை. கரையாத பொருளாக இருந்தால், சேர்த்ததைச் சொல்லியும் இருந்தால், நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் இங்கே கேள்வியே கரைகிறதா இல்லையா என்பதுதான். கரைந்த அளவுக்குப் புதிது போட்டுவிட்டு, பார், குறையவே இல்லை என்றால் அது என்ன சோதனை? கட்டுரையில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை.

விடுமுறை முடிந்து ஸாரிடம் கேட்டேன். கதவைச் சாத்தினார். "சுற்றுக்குச் சுற்று இறங்குகிறதே உன் வரைபடம், அதை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடு. அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

எடுக்கவில்லை. கையெழுத்தும் இல்லை. அது இல்லாமல் பட்டம் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, ஸார். சண்டை போடக்கூட உடம்பில் சக்தி இல்லை. ஆனால் என் கை சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். இதற்கும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் இதே பொடியைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள். கதவு திறந்திருக்கும், ஒலிபெருக்கி உங்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு புதுப் பொடி போட்டீர்கள்?