சேவ் அண்ணன்

மேசைக்கடியில் மண்டியிட்டு ஒவ்வொரு பிளக்காக அழுத்திப் பார்க்கிறார். முப்பத்தெட்டுக் கணினிகள். கடைசி வரிசையை முடித்ததும் சந்தேகம் வந்துவிடும், முதல் வரிசைக்கே திரும்புவார். பல்கலைக்கழகக் கணினி அறையின் உதவியாளர் இவர். மாணவர்கள் வைத்த பெயர் சேவ் அண்ணன். வணக்கம் சொன்னால்கூட, "சேவ் பண்ணியாச்சா?" என்றுதான் பதில் வரும்.

பரீட்சை நாளில் சோறு இறங்காது. "எழுதப்போறது அவங்க, வயித்தக் கலக்கறது உங்களுக்கா?" என்பாள் மனைவி. சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் மனிதர் சும்மா பயப்படவில்லை. போன பருவத் தேர்வில் சர்வர் படுத்துக்கொண்டது, பதினொரு பேரின் விடைகள் போன இடம் தெரியவில்லை. பழி இவர் தலையில் விழுந்தது. இன்னொரு பழுது வந்தால் வேலை இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர் சம்பளம் ஒன்றுதான்.

"காகிதத்துல எழுதினா, கிழிச்சுப் போட்டாலும் துண்டாவது கிடைக்கும். இதுல போச்சுன்னா போச்சு" என்று எதிர்ப்படுபவரிடமெல்லாம் புலம்புவார். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தி இடுப்பொடிந்த பேராசிரியர்களுக்கு இது காதில் ஏறுமா? "அரண்டவன் கண்ணுக்கு..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமலே போய்விடுவார்கள்.

நேற்றுத் தேர்வு. முடிய ஆறு நிமிடம் இருக்கையில் சன்னலோரத் திரை ஒன்று வெள்ளையாகிப்போனது. அதன் முன்னால் இருந்த பெண் கையைக்கூடத் தூக்கவில்லை, வாய் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குச் சற்று முன்புதான் அவள் பின்னால் நின்று, திரை நிறைய விடைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் இவர்.

கண்காணிப்பாளர் வந்து சர்வரைப் பார்த்தார். "ஒரு பதிலும் இல்லயே. எழுதலன்னுதான் போட முடியும்."

"எழுதினேன் சார்! எல்லாக் கேள்விக்கும் எழுதினேன்!"

"பாத்தது யாரு?"

பார்த்தவர் இவர் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண் எழுதவில்லை என்பதோடு கதை முடியும், வேலை தப்பும். திறந்தால் விடைகளை விழுங்கியது கணினிப் பழுது என்றாகும், வேலை போகும். இவர் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்... நான் பாத்தேன் சார். மெஷின்தான் நின்னுபோச்சு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். அந்த வரிகளுக்குக் கீழே தன் முழுப்பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார்.